ஏட்டில் இல்லாத இரண்டு எழுத்து

ஒரு வில்லுப்பாட்டு ஏட்டைப் படியெடுத்தபோது, ஏட்டில் இல்லாத ஒரு சொல்லை நான் எழுதினேன். 'மேலை' என்பது அந்தச் சொல். இரண்டே எழுத்து. அது என் ஊகம் என்பதற்கு ஓர் அடையாளமும் வைக்கவில்லை. நூல் அச்சானபோது, ஏட்டில் உள்ளது உள்ளபடியே தரப்பட்டுள்ளது என்று முன்னுரையில் எழுதினேன். பிறகு ஒருவர் நேரில் வந்து கேட்டார். அவரிடமும் பொய் சொன்னேன்.

அந்த இரண்டு எழுத்தால் தென்பாண்டிச் சீமையில் ஓர் ஊரில் அம்மன் கோயில் கொடைவிழா நின்றது. வாழ்நாளெல்லாம் வில்லடித்த ஓர் அண்ணாவி அந்தக் கதையைப் பாடுவதையே விட்டார். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அவர்கள் பட்டது போதும். என்னைப் பற்றியதை மட்டும் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

முதலில் தொழிலைச் சொல்ல வேண்டும். என் குற்றம் அந்தத் தொழில் எனக்குத் தந்த உரிமைக்குள்ளிருந்துதான் முளைத்தது.

படியெடுப்பது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமாகப் புழங்குகிறது. கல்வெட்டுக்காரர்களுக்கு அது மைப்படி. கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் குழிக்குள் இறக்குவார்கள். மேலே மையை ஒற்றுவார்கள். எடுப்பவருக்கு ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. கல்லில் இருப்பது தாளுக்கு வந்துவிடும். அலுவலகங்களில் அது நகல். மூலத்தோடு ஒத்துப் பார்த்தேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் நகலுக்கு மதிப்பு. ஒலிநாடாவில் இருக்கும் பேச்சை எழுத்தில் இறக்குவதும் ஒரு வகையில் படியெடுப்புதான். அங்கே காதில் விழாத இடம் என்று ஒன்று உண்டு.

ஏட்டு வேலை இவை எதிலும் அடங்காது. ஏட்டை வாசிக்காமல் படியெடுக்க முடியாது. ஓலை கிழிந்துவிடும் என்று பழைய எழுத்தர்கள் புள்ளி வைக்க மாட்டார்கள். உயிர்மெய்யா ஒற்றா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்த அந்த வேறுபாடு, கிராமத்து ஏடுகளில் பின்னாளிலும் பல இடங்களில் இருக்காது. ஏட்டில் 'எரி' என்று இருந்தால் அது தீயாகவும் இருக்கலாம், தண்ணீர் நிற்கும் ஏரியாகவும் இருக்கலாம். நெடிலுக்கான காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வெளி கிடையாது. அடி முடிந்தது என்று வரியை மடக்கவும் மாட்டார்கள். ஓலையின் ஓரம் முட்டும்வரை எழுதிக்கொண்டே போவார்கள்.

அதனால் படியெடுப்பவர் புள்ளி வைக்கலாம். குறிலை நெடிலாக்கலாம். சொல்லைப் பிரிக்கலாம், அடியை மடக்கலாம். இந்த உரிமை இல்லாமல் ஒரு வரி நகராது. நாள் முழுக்க ஏட்டில் இல்லாத புள்ளியை வைத்துப் பழகிய கை, ஒரு கட்டத்தில் ஏட்டில் இல்லாத சொல்லையும் வைத்துவிடும். இதை எனக்குச் சாக்காகச் சொல்லவில்லை. எல்லை எது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த விதி எளிது. எழுத்து போன இடத்தில் புள்ளிக்கோடு இடு. ஐயமாக இருந்தால் ஐயம் என்று காட்டு. நீயாகச் சேர்த்தால் சேர்த்ததைத் தெரியவை. 1890இல் வெளிவரத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில், சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். பதிப்பாசிரியர் சேர்த்ததற்கு உடுக்குறி இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. இன்னும் பல பாட்டுகளில் அடிகளும் சீர்களும் சிதைந்திருந்தன. அவருக்கு இருந்த யாப்பறிவுக்கு அந்தச் சீர்களைக் கட்டுவது ஒரு வேலையே அல்ல. அவர் கட்டவில்லை. அந்த இடங்கள் இன்றும் புள்ளிகளாகவே நிற்கின்றன. இதையெல்லாம் நான் கற்றேன். கல்லூரியில் கற்பிக்கவும் செய்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது நான் ஆய்வு முடித்த புதிது. நாட்டுப்புற ஏடுகளைத் தாளில் பெயர்த்தெழுதும் ஒரு திட்டத்தில் வேலை கிடைத்தது. 1970களில் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை, ஐவர் ராசாக்கள் கதை போன்றவற்றை அச்சுக்குக் கொண்டுவந்ததைப் படித்து வளர்ந்தவள் நான். அந்த வரிசையில் என் பெயரும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசையில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே வேறொன்றும் இருந்தது. எனக்கு யாப்பு நன்றாக வரும். சிதைந்த வெண்பாவைக் கொடுத்தால் நின்ற நிலையில் சீர் சொல்வேன். ஆசிரியர்கள் மெச்சினார்கள். அந்த மெச்சலை நான் பட்டம்போல எப்போதும் சுமந்துகொண்டே திரிந்தேன்.

ஏடு அண்ணாவியின் வீட்டில் இருந்தது. சிவப்புத் துணியில் சுற்றிச் சாமி அறையில் வைத்திருந்தார். அவருடைய அய்யா காலத்து ஏடு. கண்ணில் புரை விழுந்திருந்ததால் அவரால் அதை வாசிக்க முடியவில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை. கதை முழுவதும் அவருக்கு மனப்பாடம். வெளியே கொடுக்க மனம் இல்லாததால், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே எழுதச் சொன்னார். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டார்கள். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டுதான் அந்தச் சொல்லை எழுதினேன்.

கதை அந்த ஊர் அம்மனுடையது. அடைக்கலம் தேடி அலைந்த ஒரு பெண் அந்த ஊருக்கு வருகிறாள். எல்லா வாசலும் சாத்திக் கிடக்கிறது. ஒரே ஒரு தெருவில் ஒரு வீட்டில் மட்டும் அவளுக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள். பிறகு அவள் செத்துத் தெய்வமாகிறாள். கஞ்சி ஊற்றிய தெருவுக்குத்தான் கொடையில் முதல் பொங்கல். ஊரில் தெரு இரண்டு, மேலத்தெரு, கீழத்தெரு. முதல் பொங்கல் வழிவழியாகக் கீழத்தெருவுக்கு இருந்தது. இதையெல்லாம் நான் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. எனக்கு ஏடுதான் கண்ணில் பட்டது. அந்த ஏட்டை நம்பி வாழ்கிறவர்கள் கண்ணில் படவில்லை.

கஞ்சி ஊற்றும் இடம் ஓர் ஓலையின் வலது ஓரத்தில் வந்தது. இராமபாணப் பூச்சி அந்த ஓரத்தைத் தின்றிருந்தது. முந்தின அடி 'சோலை' என்று தொடங்கியது. அடுத்த அடியின் முதற்சொல் ஓரத்தோடு போயிருந்தது. கீழ்வரியின் இடது ஓரத்தில் 'தெருவில்' என்று தொடர்ந்தது. போன இடத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. எழுத்தின் தலைமாட்டில் ஒரு சின்னச் சுழி.

அந்தச் சுழியைப் பார்த்தேன். கைக்குறிப்பேட்டில் பென்சிலால் அதே வடிவத்தில் வரைந்தேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அது ஈகாரத்தின் சுழியாக இருக்கலாம், அப்படியானால் 'கீழை'. பழைய 'லை' எழுத்தின் தும்பிக்கையாகவும் இருக்கலாம், அப்படியானால் 'மேலை'. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை அச்சிலும் இருந்த அதே தும்பிக்கை. இரண்டுக்கும் இடம் இருந்தது. அந்த நிமிடம்வரை நான் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன்.

ஓலையைப் புரட்டினேன். இரண்டு கையாலும் தாங்கிப் புரட்ட வேண்டும். நான் பேனாவைக் கீழே வைக்காமல் ஒரு கையால் புரட்டினேன். ஓரம் ஒடிந்தது. சுழி இருந்த துணுக்கு மடியில் தூளாக விழுந்தது. ஓலையைத் தொட்டால் ஓரம் உதிரும் என்று சி.வை.தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையில் வருந்தி எழுதியதைப் படித்தவள்தான் நான். யாரும் பார்க்கவில்லை. தூளைச் சேலையிலிருந்து தட்டிவிட்டேன். அண்ணாவியிடம் சொல்லவில்லை. ஏட்டைப் படம் எடுத்தும் வைத்திருக்கவில்லை. எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பிறகு எடுக்கலாம் என்று விட்டிருந்தேன்.

அன்று மாலை நல்ல படி எழுத உட்கார்ந்தேன். கைக்குறிப்பு பக்கத்தில் இருந்தது. கேள்விக்குறி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது எதுகை மனதில் ஓடியது. 'சோலை' என்றால் அடுத்தது 'மேலை'. நெடிலுக்கு நெடில், லைக்கு லை. 'கீழை' சரியாக வராது. எவ்வளவு சுலபமாக அவிழ்ந்தது என்று மகிழ்ந்தேன். ஆம், மகிழ்ந்தேன். 'மேலை' என்று எழுதினேன். புள்ளிக்கோடு இடவில்லை. அடைப்பு போடவில்லை. அடைப்பு போட்டால் நான் திணறியது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஓரம் எப்படி ஒடிந்தது என்று யாரும் கேட்கவும் வழி இருக்கக் கூடாது. இரண்டு காரணமும் மனதில் இருந்தன. எது பெரியது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

என் யாப்புச் செருக்குக்கு அந்த யாப்பே இடம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். லகரமும் ழகரமும் இரண்டும் இடையினம். இடையின எதுகை என்று ஒன்று உண்டு. 'சோலை'க்குக் 'கீழை' தாராளமாக வரும். மாணவர்களுக்கு நானே எடுக்கும் பாடம் அது. அந்த ஊர்ப் பேச்சிலும் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கும், காதுக்கு எந்த உறுத்தலும் இருக்காது. எனக்குத் தெரிந்த இலக்கணத்தில் எனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அண்ணாவி உள்ளே நார்க் கட்டிலில் படுத்திருந்தார். கதை முழுவதும் அறிந்தவர். "அண்ணாவி, இந்த இடத்தில் எப்படிப் பாடுவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. மறந்து விடவில்லை. வேண்டாம் என்றுதான் விட்டேன். பாடுகிறவர்கள் சபைக்குத் தக்கபடி மாற்றுவார்கள், ஏடுதான் உண்மை என்று நம்பினேன். ஏட்டில் அந்தச் சொல்லே இல்லை. அவர் வாயில் இருந்தது. இல்லாத ஏட்டை நம்பி, இருந்த மனிதரை ஒதுக்கினேன்.

நூல் வந்தது. பாராட்டினார்கள். ஊரில் யாரோ ஒருவர் ஒரு படி வாங்கிப் போனார். அடுத்த கொடைக்கு வரி பிரிக்கக் கூடியபோது, மேலத்தெருக்காரர்கள் நூலைக் கொண்டுவந்து வைத்தார்கள். கஞ்சி ஊற்றியது எங்கள் தெரு, முதல் பொங்கல் எங்களுக்கு என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அச்சில் இருந்தது. படித்தவள் ஒருத்தியின் பெயர் போட்டிருந்தது.

ஊரார் அண்ணாவியைக் கேட்டார்கள். அவர் கீழத்தெரு என்றுதான் பாட்டு என்றார். காசு வாங்கிக்கொண்டு மாற்றிப் பாடுகிறாய் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அந்த வயதில், அந்த ஊரில், அவரைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள்.

அவர் என்னைத் தேடி வந்தார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் மாறி மாறி, கல்லூரிக்கே வந்துவிட்டார். ஆசிரியர் அறையில் எல்லோரும் இருந்தார்கள்.

"தாயி, ஏட்டுல மேலைன்னா கெடக்கு? எங்க அய்யா கீழத்தெருன்னுதான் பாடுவாவ. நானும் அப்படித்தான் பாடிக்கிட்டு வாறேன். நீங்க கண்ணால பாத்தவுக. சொல்லுங்க."

எனக்குக் கைக்குறிப்பேடு நினைவுக்கு வந்தது. சுழி நினைவுக்கு வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் கண்ணில் பட்டது.

"ஆமா அண்ணாவி. ஏட்டுல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நாந்தான் இத்தனை நாளும் தப்பாப் பாடியிருக்கேன்" என்றார். என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தம்மேல்தான் வந்தது. அய்யாவிடம் கேட்டதையும், ஆயுள் முழுக்கப் பாடியதையும் என் ஒரு பொய்க்காகத் தப்பு என்று ஒத்துக்கொண்டு போனார். போகும்போது கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் பாடவில்லை. வேறு ஊர்களில் வேறு கதைகளுக்கு வில்லடித்தார். இந்த அம்மன் கதைக்கு மட்டும் வர மாட்டேன் என்றுவிட்டார். வரத்துப் பாட்டு அவர் பாடினால்தான் அந்தக் கோயிலில் சாமி வரும் என்பார்கள். ஊரில் கைகலப்பாயிற்று. இரண்டு தெருப் பையன்கள்மேலும் வழக்கு விழுந்தது. வட்டாட்சியர் முன்னிலையில் அமைதிக் கூட்டம் நடந்தது. சமாதானம் ஆகும்வரை கொடை வேண்டாம் என்று முடிவாயிற்று. கோயில் வாசலில் போலீஸ் உட்கார்ந்தது. வழக்கு நிலுவையில் கிடந்ததால் அரசு வேலைக்குப் போக முடியாமல் நின்ற பையன் ஒருவனைப் பற்றிப் பிறகு கேள்விப்பட்டேன். முதல் பொங்கலுக்கு அடுப்பு மூட்டி வந்த கீழத்தெரு ஆச்சி, கொடை மறுபடி நடப்பதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். இதெல்லாம் காற்றில் வந்த செய்தியாக எனக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் பேசாமல் இருந்தேன்.

அந்த வருடங்களிலும் வகுப்பில் புறநானூறு எடுத்தேன். சிதைந்த பாட்டுகள் வரும்போது, இந்தப் புள்ளிகள்தான் உ.வே.சா.வின் நேர்மை என்று பிள்ளைகளிடம் உருகிப் பேசினேன். உணர்ந்துதான் பேசினேன். அப்படி என்னால் பேச முடிந்தது என்பதை நினைத்தால் இன்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பழைய ஏட்டெழுத்தர்கள் சுவடியின் கடைசியில் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் எழுதியது என்று குறித்து, எழுத்துப் பிழையைப் பொறுக்கும்படி கேட்டுக்கொள்வார்கள். அந்த ஏட்டின் கடைசி ஓலையிலும் அது இருந்தது. அதையும் ஒரு பிழையில்லாமல் படியெடுத்திருக்கிறேன்.

கைக்குறிப்பேட்டைக் கிழித்துவிட நினைத்ததுண்டு. அடுப்படிவரை கொண்டுபோனதும் உண்டு. கிழிக்காமல் விட்டதை என் நல்ல குணமாக எண்ண வேண்டாம். அதே குறிப்பேட்டில் வேறு ஏடுகளின் வேலையும் இருந்தது.

அண்ணாவி இறந்த பிறகு பேரன் வந்தான். தாத்தாவை எனக்கு முன்னால் கைபிடித்து நிறுத்திய அதே பையன். வில்லுப்பாட்டைக் கற்கப் போகிறேன் என்றான். தாத்தாவிடம் கேட்டு எழுதி வைக்காமல் விட்டோம், ஏடும் பரணில் ஒழுகி வீணாகிவிட்டது, உங்கள் புத்தகம்தான் இருக்கிறது, ஒரு படி கொடுங்கள் என்றான். என்னெதிரில் அந்த இடத்தைப் பாடியும் காட்டினான். 'மேலை' என்று பாடினான். குரல் அப்படியே அவருடையது.

அன்று அவனிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். ஓரம் ஒடிந்ததையும், தட்டிவிட்டதையும், ஆசிரியர் அறையையும். அவன் என்னைத் திட்டவில்லை. "தாத்தா சாவுறவரைக்கும் அந்த ஒரு அடியத்தான் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டு இருந்தாவ, டீச்சர்" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. படியை வாங்காமல் போனான்.

பிறகு ஊருக்குப் போனேன். இரண்டு தெருப் பெரியவர்களையும் கோயில் முன்னால் கூட்டிவைத்து, குறிப்பேட்டை விரித்துக் காட்டினேன். மேலத்தெருக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். கீழத்தெருக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். ஏட்டில் 'கீழை' என்றுதான் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நியாயமான கோரிக்கை. அண்ணாவியின் பாட்டும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. என் மனமும் அப்படித்தான் சொல்கிறது.

எழுதிக் கொடுக்க முடியவில்லை. சுழி ஈகாரமாக இருக்கலாம், தும்பிக்கையாகவும் இருக்கலாம். பார்த்துத் தீர்மானிக்க இருந்த துணுக்கு என் கையால் போயிற்று. 'கீழை' என்று நான் இப்போது எழுதினால், முன்பு செய்ததையே இந்தப் பக்கத்துக்குச் செய்ததாகும். அந்த இடத்தில் நான் எழுதித் தரக்கூடியது புள்ளிக்கோடும், தலைமாட்டில் ஒரு சுழியும், அதன் பிறகு 'தெருவில்' என்பதும் மட்டுமே. அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அண்ணாவியும் அவருடைய அய்யாவும் 'கீழத்தெரு' என்று பாடியதாக அண்ணாவியே என்னிடம் சொன்னார் என்பதையும், அவரிடம் நான் பொய் சொன்னேன் என்பதையும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வாங்கிப் பார்த்த ஒருவர், இதை வைத்து நாங்கள் என்ன செய்வது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.